தீபாவளிக் கூப்பன் குலுக்கல் போட்டால் லாட்டரி கேஸ் வருமா?

டவுன் மளிகை:
நெல்லையப்பர் கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வரும் தீபாவளிக்கு 1,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறவர்களுக்கு ஒரு கூப்பன், கடைசியில் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் குலுக்கி ஒருத்தருக்கு ஸ்கூட்டர் என்று யோசனை. நோட்டீஸ் அடிக்கப் போனால் அச்சகத்துக்காரர், "அண்ணாச்சி, இது லாட்டரில்லா, போலீஸ் வந்துரும்" என்று வயிற்றைக் கலக்கிவிட்டார். கூப்பனுக்கென்று நான் பத்து பைசா வாங்கப் போவதில்லை, அரிசி பருப்பெல்லாம் எப்போதும் உள்ள விலைதான். பிறகு எப்படி அது லாட்டரி ஆகும்? பெரிய கம்பெனிகள் பாக்கெட்டிலேயே கார் பரிசு என்று போடத்தானே செய்கிறார்கள்?

கோர்ட் வாசல்:
லாட்டரி என்றால் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: பரிசு, அதிர்ஷ்டம், அந்த அதிர்ஷ்டத்துக்காகக் கொடுக்கிற காசு. 1998ல் வந்த மத்திய லாட்டரிச் சட்டமும் டிக்கெட் வாங்கிக் கலந்துகொள்வதைத்தான் லாட்டரி என்கிறது. உங்களிடம் முதல் ரெண்டும் இருக்கு, மூன்றாவது இல்லை, ஏனென்றால் வாங்கினவர் காசு கொடுத்தது பருப்புக்கு. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் பரிசுச் சீட்டு வைத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1998ல் அது லாட்டரி ஆகாது என்றுதான் தீர்ப்பு வந்தது. தைரியமாக அடியுங்கள்.

செங்கோட்டை பஸ்:
2003ல் இங்கே லாட்டரியை நிறுத்தினதிலிருந்து எங்க ஊர்க்காரர்கள் புளியரை தாண்டி ஆரியங்காவுக்குப் போய்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். கேரளாவில் 1967லிருந்து அரசாங்கமே நடத்துகிறது. மலைக்கு அந்தப் பக்கம் அரசாங்க வருமானம், இந்தப் பக்கம் அண்ணாச்சி பெட்டியைக் குலுக்கினால் குற்றமா, நல்ல கதையாக இருக்கே!

பாளை ஆடிட்டர்:
கோர்ட் வாசல் சொன்னது தப்பில்லை, ஆனால் அதை நம்பி நோட்டீஸ் அடித்தால் அண்ணாச்சிதான் மாட்டுவார். லாட்டரியா இல்லையா என்பதெல்லாம் வேறு மாநிலத்துக்காரர் கவலை. நம்மிடம் 1979லேயே பரிசுத் திட்டங்களைத் தடை செய்து தனிச் சட்டம் இருக்கிறது. கடையில் சரக்கு வாங்கினவர்களுக்குள் சீட்டுப் போட்டோ குலுக்கியோ வேறு எப்படியோ ஆளைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பதாகச் சொன்னாலே அதில் வந்துவிடும். கூப்பனுக்குத் தனியாகக் காசு வாங்கினீர்களா என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை, சரக்கு வாங்கினால் போதும். அமெரிக்காவில் 'வாங்கத் தேவையில்லை' என்று ஒரு வரி போட்டுத் தப்பிக்கிறார்கள், இங்கிலாந்தில் 2005 சூதாட்டச் சட்டப்படி பொருளுக்கு வழக்கமான விலை மட்டும் வாங்கினால் அது டிக்கெட் காசு ஆகாது. நம்ம ஊரில் அந்த வாதமெல்லாம் எடுபடாது. சந்தேகமாக இருந்தால் கார் பரிசு என்று போட்ட பாக்கெட் ஏதாவது உங்கள் கடையில் இருக்கும், திருப்பி எறும்பு எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

டவுன் மளிகை:
பையனை விட்டு மூணு பாக்கெட் எடுத்துவரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ரெண்டில் 'தமிழ்நாட்டில் செல்லாது' என்று போட்டிருக்கு! இத்தனை வருஷம் விற்கிறேன், ஒரு நாள் கண்ணில் படவில்லை. சரி, குலுக்கல் வேண்டாம். 1,000 ரூபாய்க்கு வாங்குகிற எல்லாருக்குமே ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தால்?

பாளை ஆடிட்டர்:
தாராளமாகக் கொடுக்கலாம். எல்லாருக்கும் உண்டு என்றால் அதில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. ஒன்று மட்டும், டம்ளர் விலையை எண்ணெயில் ஏற்றிவிட்டு 'இலவசம்' என்று போடாதீர்கள், 2019 நுகர்வோர் சட்டம் அதைத் தனியாகப் பிடிக்கும். நோட்டீஸில் 'சரக்கு உள்ளவரை' என்றும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தீபாவளி முடிந்த பிறகும் டம்ளர் கேட்டு வருவார்கள்.

டவுன் மளிகை:
ஸ்கூட்டருக்கு 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேனே, அதைத் திருப்பித் தருவார்களா?

செங்கோட்டை பஸ்:
வீட்டில் அண்ணியிடம் உங்களுக்காகத்தான் எடுத்தேன் என்று சொல்லுங்கள் அண்ணாச்சி, அதுக்கு ஒரு சட்டமும் குறுக்கே வராது.