காலையில் போனில் பார்த்த மெயில் பத்து மணிக்குக் காணோம்

மாங்கூழ்_காவேரிப்பட்டணம்

வணக்கம். எங்கள் மாங்கூழ் ஏற்றுமதி ஆபீசுக்கு ஒரே ஒரு ஜிமெயில் ஐடி. அது ஆண்ட்ராய்டு போனிலும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவுட்லுக் 2013லும் இருக்கிறது. தோத்தாபுரி மாம்பழ சீசன் ஓடுகிறது. ஆர்டர், லேப் ரிப்போர்ட், ஷிப்பிங் பேப்பர் எல்லாம் இதில்தான் வரும்.

காலை 7 மணிக்குப் போனில் இருக்கும் மெயில், ஆபீஸ் திறந்து 10 மணிக்குப் பார்த்தால் போன் இன்பாக்ஸில் இருக்காது. ட்ராஷிலும் இல்லை, ஸ்பேமிலும் இல்லை. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்களோ என்று போன வாரம் பாஸ்வேர்டை மாற்றினேன். காணாமல் போவது நின்றது. ஆனால் அன்றிலிருந்து அவுட்லுக் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. புதியதைச் சரியாக அடித்தாலும் அதே பெட்டி மறுபடி வருகிறது.

இது போதாதென்று நேற்று ஒரு பையர் (எங்களிடம் சரக்கு வாங்குபவர்) கூப்பிட்டு, அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டது என்கிறார். அதில் 552 5.2.2 என்று இருக்கிறதாம். போனில் நோட்டிபிகேஷனும் ஆப்பைத் திறந்தால்தான் வருகிறது. எல்லாம் ஒரே கோளாறா, தனித்தனியா?

பாலக்கோடு_ப்ரோ

ரொம்ப யோசிக்காதீங்கண்ணா. போன்ல ஜிமெயில் ஆப் டேட்டாவ கிளியர் பண்ணுங்க. அவுட்லுக்ல அக்கவுண்ட்ட ரிமூவ் பண்ணிட்டு புதுசா போடுங்க. முடிஞ்சுது.

ஓசூர்_சிஸ்டம்

கொஞ்சம் பொறுங்க, இப்போதைக்கு எதையும் ரிமூவ் பண்ண வேண்டாம். ஆப் டேட்டாவைக் கிளியர் செய்தால் அவுட்பாக்ஸில் போகாமல் நிற்கும் மெயிலும், சிங்க் ஆகாத ட்ராஃப்டும் போய்விடும். அவுட்லுக் பக்கம் இன்னும் ஆபத்து. காரணம் கீழே வருகிறது.

பாஸ்வேர்டு மாற்றியதும் காணாமல் போவது நின்றதே, அதுதான் துப்பு. யாரோ ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாக ஒதுக்கும் விதி) வைத்திருந்தால் பாஸ்வேர்டு மாறினாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டோடு நின்றது என்றால், வெளியே இருந்து லாகின் ஆகி மெயிலை எடுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று. நீங்கள் தேடும் திருடன் பெரும்பாலும் உங்கள் மேஜை மேலேயே இருக்கிறான்: பாப் முறையில் (சர்வரில் இருந்து மெயிலை அந்தக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை) போட்ட அவுட்லுக். ஆபீஸ் திறந்த பிறகு காணாமல் போவதும் அதனோடு பொருந்துகிறது.

உறுதி செய்ய, கம்ப்யூட்டரில் குரோமில் ஜிமெயிலைத் திறங்க. மேலே கியர் ஐகான், சீ ஆல் செட்டிங்ஸ், அதில் 'ஃபார்வர்டிங் அண்ட் பாப் / இமாப்'. பாப் டவுன்லோடு பகுதியில், பாப் வழியாக எடுத்த மெயிலின் ஜிமெயில் நகலை என்ன செய்வது என்று ஒரு தேர்வு இருக்கும்: இன்பாக்ஸிலேயே வை, படித்ததாகக் குறி, ஆர்க்கைவ் செய் (அழிக்காமல் இன்பாக்ஸில் இருந்து மட்டும் எடு), டெலீட் செய். ட்ராஷில் இல்லை என்கிறீர்கள், அப்படியானால் ஆர்க்கைவாக இருக்கும். போன் ஆப்பில் இடது மெனுவில் 'ஆல் மெயில்' திறந்து பாருங்க, காணாமல் போனதெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

அதே பக்கத்தின் மேல்பகுதியில் தெரியாத ஃபார்வர்டிங் முகவரி உண்டா, பக்கத்து டேபில் தெரியாத ஃபில்டர் உண்டா என்றும் பாருங்க. ஏற்றுமதி ஐடியில் இதை விட்டுவிடக் கூடாது. இன்வாய்ஸ் மெயிலை ரகசியமாக ஃபார்வர்ட் செய்துகொண்டு, பேங்க் அக்கவுண்ட் நம்பரை மாற்றிப் பையருக்கு அனுப்பும் மோசடி இந்த வழியில்தான் நடக்கிறது.

552 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது என்று அர்த்தம். கூகுள் ஒன் ஸ்டோரேஜ் பக்கத்தில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்து எழுதுங்க.

மாங்கூழ்_காவேரிப்பட்டணம்

சொன்னபடியே இருக்கிறது. பாப் ஆன், ஆர்க்கைவ் என்று போட்டிருக்கிறது. ஆல் மெயிலில் பல வருடத்து மெயில் அப்படியே கிடக்கிறது. தெரியாத ஃபில்டர், ஃபார்வர்டிங் எதுவும் இல்லை. ஸ்டோரேஜ் 15 ஜி.பி.யும் நிரம்பிவிட்டது: ஜிமெயில் 8.6, போட்டோஸ் 5.9, மீதி ட்ரைவ்.

ஓசூர்_சிஸ்டம்

இன்பாக்ஸில் தெரியாததால் யாரும் அழிக்கவில்லை, ஆல் மெயிலில் சேர்ந்துகொண்டே போய் இடத்தை அடைத்துவிட்டது. வரிசை மாற்றாமல் செய்யுங்க.

முதல் வேலை, அவுட்லுக்கில் இருக்கும் பழைய மெயிலைக் காப்பாற்றுவது. பாப் முறையில் இறங்கிய மெயிலெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பி.எஸ்.டி. ஃபைலில் இருக்கிறது. பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். இல்லாவிட்டால் அக்கவுண்ட் செட்டிங்ஸில் டேட்டா ஃபைல்ஸ் டேபில் இருப்பிடம் தெரியும். அவுட்லுக்கை முழுசாக மூடிவிட்டு அதை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுங்க. திறந்திருக்கும்போது காப்பி ஆகாது. அதனால்தான் ரிமூவ் வேண்டாம் என்றேன். அக்கவுண்ட்டை எடுத்தால் ஃபைல் டிஸ்க்கில் இருந்தாலும் எது எங்கே என்று பிறகு தேடி அலைய வேண்டும்.

அடுத்தது இடம். ஜிமெயில் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் லார்ஜர் என்று அடித்து, இடைவெளி விடாமல் ஒரு கோலன், அதை ஒட்டி 10எம் என்று போட்டால் 10 எம்.பி.க்கு மேற்பட்ட மெயிலெல்லாம் வரிசையாக வரும். தேவையில்லாததை டெலீட் செய்ததும் ட்ராஷையும் காலி செய்யுங்க. இல்லாவிட்டால் 30 நாள் வரை அந்த இடம் விடுபடாது. போட்டோஸில் ஒரு எச்சரிக்கை: பேக்கப் ஆன் ஆக இருக்கும்போது கூகுள் போட்டோஸ் ஆப்பில் படத்தை அழித்தால் போனில் இருப்பதும் சேர்ந்து அழியும். வேண்டிய படங்களை முதலில் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளுங்க. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இந்த 15 ஜி.பி.யில்தான் கணக்கு. லாரி லோடு வீடியோ எல்லாம் குரூப்பில் வருகிறது என்றால், பேக்கப்பில் வீடியோவை ஆஃப் செய்யுங்க.

552 என்று திரும்பிப்போன மெயில் எங்கேயும் காத்திருக்காது. இடம் விட்டதும் பையரிடம் மறுபடி அனுப்பச் சொல்லணும். எண் 4ல் தொடங்கினால் மட்டும் தற்காலிகத் தடை. அனுப்பியவர் சர்வரே திரும்பத் திரும்ப முயற்சி செய்யும்.

இனி அவுட்லுக். ஜிமெயில் பாஸ்வேர்டை நேரடியாக வாங்கும் பழைய புரோகிராம்களை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் உங்களுடையது ஓடியிருக்கிறது என்றால், செட் செய்து கொடுத்தவர் ஆப் பாஸ்வேர்டு (இப்படிப்பட்ட புரோகிராமுக்கென்று கூகுள் தரும் தனி பாஸ்வேர்டு) போட்டிருப்பார். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டு எல்லாம் ரத்தாகிவிடும். புதிய பாஸ்வேர்டை எத்தனை முறை அடித்தாலும் அந்தப் பெட்டி ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

கூகுள் அக்கவுண்ட்டில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பும் கேட்கும் பாதுகாப்பு) ஆன் இருக்க வேண்டும். பிறகு அங்கேயே தேடல் பெட்டியில் ஆப் பாஸ்வேர்ட்ஸ் என்று தேடிப் புதிதாக ஒன்று உருவாக்குங்க. நாலு நாலாக 16 எழுத்து காட்டும், ஒரே ஒரு தடவைதான் காட்டும். இடைவெளி இல்லாமல் அடிக்கணும்.

அதைப் பழைய பாப் அக்கவுண்ட்டில் போடாதீங்க, போட்டால் பழைய கதைதான். ஜிமெயில் செட்டிங்ஸில் பாப்பை டிசேபிள் செய்துவிட்டு, அவுட்லுக்கில் இமாப் வகையில் (மெயில் சர்வரிலேயே இருக்க, எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் முறை) புது அக்கவுண்ட் சேருங்க. இன்கமிங்: இமாப் டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் 993, எஸ்.எஸ்.எல். அவுட்கோயிங்: எஸ்.எம்.டி.பி. டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் 587, டி.எல்.எஸ். போர்ட் எண்கள் மோர் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டேபில். அவுட்கோயிங் சர்வர் டேபில் 'ஆத்தென்டிகேஷன் தேவை' என்ற டிக்கை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மெயில் வரும், ஆனால் போகாது. பழைய பி.எஸ்.டி. பக்கத்தில் அப்படியே திறந்திருக்கட்டும்.

ஒரு வித்தியாசத்தை ஆபீசில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்க. இமாப்பில் இங்கே அழித்தால் போனிலும் அழியும். இடம் காலி செய்கிறேன் என்று யாராவது அவுட்லுக்கில் கை வைத்தால் சர்வரிலும் காலி.

கிருஷ்ணகிரி_மொபைல்

நோட்டிபிகேஷனுக்கு நான் சொல்கிறேன். போன் செட்டிங்ஸில் ஆப்ஸ், ஜிமெயில், பேட்டரி போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்க. சில கம்பெனி போனில் ஆட்டோ ஸ்டார்ட் என்று தனி அனுமதியும் இருக்கும், அதையும் ஆன் செய்யணும். டேட்டா சேவர் ஆன் என்றால் பேக்ரவுண்டில் எதுவும் இறங்காது.

அடுத்து ஜிமெயில் ஆப்பின் உள்ளே: மூன்று கோடு, செட்டிங்ஸ், உங்கள் ஐடி. 'சிங்க் ஜிமெயில்' டிக் இருக்கணும். நோட்டிபிகேஷன்ஸ் 'ஹை பிரையாரிட்டி ஒன்லி'யில் இருந்தால் 'ஆல்' ஆக்குங்க. 'இன்பாக்ஸ் நோட்டிபிகேஷன்ஸ்' உள்ளே ஒவ்வொரு மெயிலுக்கும் தெரிவி என்பதையும் டிக் செய்யுங்க. புது பையரின் மெயில் புரொமோஷன்ஸ் டேபில் விழுந்தால் சத்தமே வராது. அதை பிரைமரிக்கு மாற்றினால் அடுத்த தடவை அவரிடமிருந்து வருவது பெரும்பாலும் சரியான இடத்துக்கு வரும்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மலையில் சிக்னல் போய்ப்போய் வரும் இடத்தில் பெரிய அட்டாச்மெண்ட் அனுப்பினால் 'க்யூட்' (Queued, வரிசையில் காத்திருக்கிறது) என்று நிற்கும். அது பழுது இல்லை. இரண்டாவது காப்பி அனுப்பாதீங்க. நெட் வந்ததும் இரண்டும் போய்ச் சேரும்.

மாங்கூழ்_காவேரிப்பட்டணம்

இமாப் ஓடுகிறது, நன்றி. நோட்டிபிகேஷனும் வருகிறது, பேட்டரிதான் காரணம். இன்னும் இரண்டு சந்தேகம். 25 எம்.பி. வரை போகும் என்கிறார்கள். அவுட்லுக்கில் 21 எம்.பி. ஸ்கேன் ஃபைல் போக மாட்டேன் என்கிறது. இன்னொன்று, ஒவ்வொரு மெயிலும் இன்பாக்ஸில் ஒன்று, ஆல் மெயிலில் ஒன்று என்று இரண்டு தடவை இறங்குகிறது.

ஓசூர்_சிஸ்டம்

மெயிலில் ஏற்றும்போது ஃபைல் எழுத்தாக மாற்றப்பட்டுப் போகும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 21 எம்.பி. 28 ஆகிவிடும். அவுட்லுக் வழியாக 18 எம்.பி.க்குள் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. அதற்கு மேல் என்றால் ட்ரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்க, ஆனால் ஷேரிங்கில் பையருக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு. அதைவிட, ஸ்கேனரைப் பாருங்க: 600 டி.பி.ஐ. (ஸ்கேனின் நுணுக்க அளவு) கலரில் இருக்கும். டைப் அடித்த பேப்பருக்கு 200 டி.பி.ஐ. கிரே போதும், அளவு பல மடங்கு இறங்கும். சீலும் கையெழுத்தும் கலரில்தான் வேண்டும் என்று கேட்கும் பக்கத்தை மட்டும் கலரில் எடுங்க.

இரட்டிப்புக்கு: ஜிமெயில் செட்டிங்ஸில் லேபிள்ஸ் டேப், ஆல் மெயில் வரிசையில் 'ஷோ இன் இமாப்' டிக்கை எடுத்துவிட்டு அவுட்லுக்கை மூடித் திறங்க.

பென்னாகரம்_மாணவி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். போன் தொலைந்துவிட்டது, சிம்மும் அதோடு போனது. லாகின் கோடு அந்த நம்பருக்கே போகிறது. கூகுள் கஸ்டமர் கேர் என்று நெட்டில் ஒரு நம்பர் கிடைத்தது, கூப்பிடலாமா?

கிருஷ்ணகிரி_மொபைல்

கூப்பிடாதீங்கம்மா. இலவச ஜிமெயிலுக்குப் போனில் பேசித் தீர்த்து வைக்கும் சேவையே கிடையாது. அப்படி வரும் நம்பர்கள் மோசடி. ஸ்கிரீன் ஷேர் ஆப் போடச் சொல்லி பேங்க் வரை போவார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லணும்.

சுலபமான வழி, அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்குவது. அடையாள அட்டையோடு உங்கள் சிம் கம்பெனி ஷோரூமுக்குப் போங்க. சிம் வேறு பெயரில் இருந்தால் அவரும் கூட வரணும். டூ ஸ்டெப் போடும்போது பேக்கப் கோடு எடுத்து வைத்திருந்தால் (8 இலக்கத்தில் 10 எண்கள்) அதில் ஒன்று போதும், சிம்மே வேண்டாம். இரண்டும் இல்லை என்றால், இந்த ஐடி முன்பு ஓபன் செய்த கம்ப்யூட்டரில், வழக்கமான வைஃபையில் இருந்தே ரிகவரி பக்கத்தில் முயற்சி செய்யுங்க. தெரிந்த கருவி, தெரிந்த இடம் என்றால் கூகுள் எளிதில் நம்பும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்தால் வாய்ப்பு குறைவு.

உள்ளே போனதும் முதலில் செக்யூரிட்டி பக்கத்தில் தொலைந்த போனை சைன் அவுட் செய்யுங்க.