ஆண், பெண் வேறுபாட்டை வைத்துச் சொல்லப்படும் இல்லற அறிவுரைகள் உண்மையில் உதவுகின்றனவா?

நிலவேனில் (வினா)

நண்பர்களுக்கு வணக்கம். உறவினர் ஒருவர் அனுப்பிய இல்லறப் பயிலரங்கக் காணொளியில், ஆணுக்குத் தேவை தீர்வு என்றும், பெண்ணுக்குத் தேவை காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள் என்றும், மனம் சரியில்லாத ஆணை அவனாக வரும்வரை தனியே விட்டுவிட வேண்டும் என்றும் பேச்சாளர் உறுதியாகச் சொன்னார். எங்கள் வீட்டில் நிலைமை நேர்மாறானது. அலுவலகத்தில் மேலாளரோடு மனக்கசப்பு என்றால், நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது என் கணவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொல்வார். பாதியிலேயே "மேலிடத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள்" என்று வழி சொல்வது நான்தான். உடனே அவர் முகம் வாடிவிடும். காணொளியில் சொன்னபடி தனியே விட்டாலோ, தம்மைக் கண்டுகொள்ளவில்லை என்று வருந்துகிறார். இத்தகைய அறிவுரைகளால் பயனடைந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா, அல்லது எங்கள் வீடுதான் விதிவிலக்கா?

தாமிரபரணிக்கரை

உங்கள் வீடு விதிவிலக்கு அன்று. ஆண்கள் செவ்வாய்க் கிரகத்தவர், பெண்கள் வெள்ளிக் கிரகத்தவர் என்னும் பேச்சு அமெரிக்காவில் ஜான் கிரே 1992-இல் வெளியிட்ட நூலால் உலகெங்கும் பரவியது. நீங்கள் கேட்ட சொற்பொழிவும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005-இல், ஆண், பெண் வேறுபாடுகளைப் பற்றிய 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து எடைபோடுபவை) ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அளக்கப்பட்ட வேறுபாடுகளில் 78 விழுக்காடு மிகச் சிறியவையாகவோ இல்லை என்றே சொல்லத்தக்கவையாகவோ இருந்தன. பந்தை எறியும் வேகம் போன்ற சிலவற்றில் பெரிய இடைவெளி உண்டு. அதை வைத்து இல்லறம் நடத்த முடியாது.

இந்த அறிவுரைகள் அதிகம் பேசும் காட்சி, விடாமல் வற்புறுத்தும் மனைவியும் வாய் திறக்காத கணவனும். இதை கிறிஸ்டென்சன், ஹீவி என்னும் இரு ஆய்வாளர்கள் 1990-இல் நுட்பமாகச் சோதித்தார்கள். இணையரை ஒரு முறை மனைவி விரும்பும் மாற்றத்தைப் பற்றியும், இன்னொரு முறை கணவர் விரும்பும் மாற்றத்தைப் பற்றியும் பேச வைத்தார்கள். தமக்கு மாற்றம் வேண்டியபோது இருவருமே வற்புறுத்தினார்கள். மற்றவர் மாற்றம் கேட்டபோது இருவருமே ஒதுங்கினார்கள். மொத்தத்தில் ஆண்கள் சற்றுக் கூடுதலாக ஒதுங்கியது உண்மை. ஆனால் பெண்கள் மொத்தத்தில் கூடுதலாக வற்புறுத்தவில்லை. ஆகவே யாருக்கு மாற்றம் தேவைப்படுகிறது, யாருக்கு இருப்பதே வசதியாக இருக்கிறது என்று முதலில் பார்ப்பதே பயன் தரும் என்று நான் கருதுகிறேன்.

சித்திரைவெயில்

மேலே உள்ள நண்பர் சொன்ன ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. எனினும், எனக்கு அந்த அறிவுரை உதவியது என்பதைச் சொல்லியாக வேண்டும். என் மனைவி தம் அக்காவைப் பற்றியோ மாமியார் வீட்டைப் பற்றியோ பேசும்போதெல்லாம், அவர் என்மீது குறைசொல்வதாகவே எனக்குப் படும். பெண்கள் பேசும்போது தீர்வு கேட்பதில்லை என்று ஒரு கூட்டத்தில் கேட்ட பிறகுதான், இடைமறிக்காமல் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன். எல்லாப் பெண்களுக்கும் அது பொருந்தாமல் இருக்கலாம். என் மனைவிக்குப் பொருந்தியது. வீட்டில் அப்பாவும் தாத்தாவும் மனம்விட்டுப் பேசிப் பார்த்திராத என்னைப் போன்ற ஆண்களுக்கு, இது உன் தனிப்பட்ட குற்றமன்று, பலருக்கும் உள்ளதுதான் என்று ஒருவர் சொல்லும்போது ஒரு தயக்கம் நீங்குகிறது. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், சகோதரி.

கார்த்திகைமலர்

ஐயா சொல்வது நியாயமே. ஓர் ஆண் கேட்கத் தொடங்குவதற்கு அது காரணமானால் நல்லதுதான். என் மனக்குறை வேறு. ஆணின் இயல்பு, பெண்ணின் இயல்பு என்று பேசும்போது, வீட்டில் யார் எவ்வளவு வேலை செய்கிறார் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். அதிலும், அந்த வேலைகளில் கைவைத்த ஆண்களே 26 விழுக்காட்டினர்தாம். சமையல் எரிவாயு பதிவு செய்தாயிற்றா, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று தினமும் நினைவில் வைத்திருப்பவர் திரும்பத் திரும்பக் கேட்கத்தான் செய்வார். அதைப் பெண்ணின் குணம் என்று பெயரிட்டு, அவளைப் பொறுமையாகக் கேட்கப் பழகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அனுசரித்துப் போ என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லப்படுவதே இப்போது அறிவியல் உடையில் வருகிறது.

ஆண், பெண் என்று பிரித்துச் சொல்லும் ஆய்வுகள் எல்லாமே வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மனும் அவருடைய குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புதுமணத் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து, மனைவியின் கருத்துக்கு இடம்கொடுக்க மறுக்கும் கணவர்களின் மணவாழ்வு முறியும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டார்கள். வீட்டில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைத் தொடும் அறிவுரை அது. பயிலரங்குகளில் ஏனோ அது அதிகம் காதில் விழுவதில்லை.

நிலவேனில்

அனைவருக்கும் நன்றி. இந்தப் பதில்களைக் கணவரிடமும் காட்டினேன். "யோசனை வேண்டுமா, கேட்டால் மட்டும் போதுமா என்று நான் முதலிலேயே கேட்டுவிடட்டுமா?" என்றதற்கு, பேசத் தொடங்கும்போது அது தமக்கே தெரியாது என்றார். பேசி முடித்த பின் தாமே கேட்பதாகவும், அதுவரை நான் மின்னஞ்சல் பேச்சை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். கீரை ஆய்வதில் பாதியை அவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நானும் கேட்டிருக்கிறேன். கார்த்திகைமலர் அவர்களின் பதிலைப் படித்தபின் அவர் மறுக்கவில்லை.