மருந்துக்கடை கவுண்டரில் போதிசத்துவ உறுதிமொழி

எல்லா உயிர்களும் துன்பத்திலிருந்து கரையேறும்வரை அவர்களுக்காக உழைப்பேன் என்று மண்டியிட்டுச் சொல்லிவிட்டு ஊர் திரும்பி, மறுநாள் காலை கடையைத் திறந்தால் வாசலில் நாலு பேர் "எனக்கு முதல்ல குடுங்க" என்று நிற்பார்கள். பௌத்தத்தில் போதிசத்துவ உறுதிமொழி என்பது இதுதான், அதை எடுத்த எல்லோருக்கும் இந்தத் தடுமாற்றம் தெரிந்திருக்கும். நான் எடுத்தது கர்நாடகாவின் பைலகுப்பேயில், 1961இல் திபெத்திய அகதிகளுக்காகத் தொடங்கிய குடியிருப்பில். தொழில் மருந்துக்கடை. இரண்டும் எனக்கு எப்படி ஒட்டின என்று சொல்கிறேன்.

ஒட்டவைத்தவர் சாந்திதேவர், எட்டாம் நூற்றாண்டில் நாளந்தாவில் இருந்த பௌத்தத் துறவி. போதிசத்துவர் நடக்க வேண்டிய வழியைச் சொல்லும் அவருடைய போதிசர்யாவதாரம் என்ற நூலின் மூன்றாம் அத்தியாயத்தில், நோயாளிகள் குணமாகும்வரை நானே மருந்தாகவும் மருத்துவனாகவும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவனாகவும் இருக்க வேண்டும் என்று வேண்டுகிறார். நாள் முழுக்க மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன் இதைப் படித்தால் எப்படி இருக்கும்! ஆனால் அன்றாடத்துக்குக் கைகொடுத்தது ஏழாம் அத்தியாயம்தான். முதலில் கீரை, காய் மாதிரி சின்னதைக் கொடுத்துப் பழகச் சொல்கிறார், பழகப் பழகத் தன் உடம்பையே கொடுக்கும் மனம் வருமாம். சரி, என் கீரை எது என்று யோசித்தேன்.

மருந்துக் கவர்தான். பத்து மாத்திரை அட்டையில் நாலு போதும் என்பார்கள் வயதானவர்கள், கையில் காசு அவ்வளவுதான் இருக்கும். அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி பெரும்பாலும் மிச்சத் துண்டோடு கடையிலேயே தங்கிவிடும், அதனால் மருந்தின் பெயரையும் தேதியையும் கவர்மேல் எழுதிவிடுகிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறை. வெட்டுகிற நேரத்தில் "இவர் வலி தீரட்டும், இதே வலி உள்ள எல்லோருக்கும் தீரட்டும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன், இப்போதெல்லாம் கத்தரிக்கோலை எடுத்தாலே அந்த வரி வந்துவிடுகிறது. சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பாட்டி ஒருவர் கவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சூரியனை விரலால் தொட்டு, "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா தம்பி?" என்று கேட்டார். அதிலிருந்து பக்கத்தில் ஒரு தட்டும் வரைகிறேன். அந்த யோசனை அவர் கொடுத்ததுதான்.

கோபத்தோடு வருகிறவர்களுக்கு ஆறாம் அத்தியாயம். பித்தம் நம்மைப் படுத்தினால் பித்தத்தின்மேல் கோபப்படுகிறோமா, மனிதர்களும் காரணங்கள் தூண்டித்தானே அப்படி நடக்கிறார்கள் என்று கேட்கிறார் சாந்திதேவர். கவுண்டரில் கத்துகிறவர் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவராக இருக்கலாம். பில்லை அவர் பக்கம் திருப்பிவைத்து எது எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் பாதிக் கத்தல் அங்கேயே இறங்கிவிடும்.

அப்புறம் ஒன்று. கருணை என்றால் கேட்டதைக் கொடுத்துவிடுவது என்று இந்த வழிக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் நினைக்கிறார்கள், எனக்கு இதில் உடன்பாடே இல்லை. டாக்டர் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டுக் கெஞ்சுகிறவருக்கு எவ்வளவு பரிதாபமாக இருந்தாலும் கொடுக்க மாட்டேன், அந்த மறுப்பும் உறுதிமொழிக்குள்தான் வருகிறது. ஆனால் வெறுங்கையோடு அனுப்புவதுமில்லை. ஸ்டூலை நகர்த்திப் போட்டு "எத்தனை நாளாண்ணே தூக்கம் வரல?" என்று கேட்பேன், துண்டுச்சீட்டில் 14416 எழுதிக் கொடுப்பேன். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, காசு கிடையாது, எந்நேரமும் பேசலாம். திட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. அங்கேயே ஓரமாக நின்று பேசி முடித்து, நாளைக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு.