புதுப்பிப்பு: இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் சில டச் பின்கள் (தொடுதலை உணரும் இணைப்புகள்) வேலை செய்யாத சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. டச் பின்களோடு இணைத்த ஆறு பேடுகளில் (விரலால் தொடும் தகடுகள்) ஜிபிஐஓ 0, 2 என்ற பின்களில் இருந்த இரண்டிலும் தொட்டாலும் மதிப்பு மாறவில்லை, மற்றவை பக்கத்துப் பேடைத் தொட்டாலே தூண்டப்படுகின்றன என்று கேட்டிருந்தேன்.

பின்னை மாற்றச் சொன்ன யோசனைதான் பலித்தது. என் போர்டில் 0-இல் பூட் பட்டன் சுற்றும் 2-இல் எல்இடியும் உட்கார்ந்திருக்கின்றன. விரல் கூட்டும் சில பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் அங்கே எடுபடாது. 27, 33 பின்களுக்கு மாற்றியதும் மதிப்பு தொடாதபோது 70, தொட்டால் 15 என்று தெளிவாக இறங்கியது.

பக்கத்துப் பேடு தொல்லைக்கு இரண்டு காரணம்: ஒட்டியோடிய ரிப்பன் ஒயர், எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு (மதிப்பு இதற்குக் கீழே இறங்கினால் தொட்டதாகக் கொள்ளும் அளவு). ஒயர்களைப் பிரித்து, ஒவ்வொரு பேடின் ஓய்வு மதிப்பில் (தொடாதபோது வருவது) 70% என்று தனித்தனி வரம்பு வைத்தேன்.

எதிர்பாராதது: பவர் பேங்கில் ஓட்டினால், எர்த் தொடர்பு இல்லாததால் தொட்டதற்கும் தொடாததற்கும் உள்ள வித்தியாசம் சுருங்குகிறது. எந்த சப்ளையில் ஓடப்போகிறதோ அதிலேயே வரம்பை அளந்துகொள்ளுங்கள். இஎஸ்பி32-இன் எஸ்2, எஸ்3 வகை சிப்களில் தொட்டால் மதிப்பு ஏறும். அதனால் கோடில் வரம்போடு ஒப்பிடுவதைத் திருப்பிப் போடவேண்டும்.