மூணாறு படங்கள்: ஆவணமா, அலங்காரமா?

சுற்றும் லென்ஸ்:
போன வாரம் நான் போட்ட மூணாறு படங்களுக்கு வந்த திட்டுகளைப் பார்த்துவிட்டு, தனி இழையாகவே பேசிவிடலாம் என்று இதைத் திறக்கிறேன். பார்க்காதவர்களுக்கு: மொத்தம் மூன்று படங்கள். ஒன்று, முதுகில் கூடையோடு தேயிலைக் கொழுந்து கிள்ளும் ஒரு அம்மா. இரண்டு, 2022 அக்டோபரில் சாந்தன்பாறை கள்ளிப்பாறையில் பூத்த நீலக்குறிஞ்சி. மூன்று, பெட்டிமுடியில் மண் சரிந்த இடம். இப்போது புல் மூடிக் கிடக்கிறது.

பயணி எடுக்கும் படமும் ஆவணம்தான் என்பது என் கட்சி. கேரளத்து மலையில் இருக்கும் தமிழர் வாழ்க்கையை எந்த அலுவலகமும் உட்கார்ந்து படமெடுத்துச் சேர்த்து வைக்கப் போவதில்லை. போகிறவன் வருகிறவன் எடுப்பதுதான் மிஞ்சும். "சுற்றிப் பார்க்க வந்தவருக்கு எங்கள் துக்கம் எதற்கு" என்று ஒருவர் கேட்டிருந்தார். மலையை மட்டும் எடுத்துக்கொண்டு, துக்கத்தைப் பார்க்காத மாதிரி திரும்பியிருந்தால் சரியாக இருந்திருக்குமா?

லயத்துப் பொண்ணு:
கேட்டது நான்தான் அண்ணே. முதல் படத்துக்கே வருகிறேன். அந்தக் கூடை எங்கிருந்து வந்தது?

என் அம்மா கொழுந்து எடுத்துதான் எங்களைப் படிக்க வைத்தார். இப்போது எங்கள் மலையில் கையால் கிள்ளுவதே குறைவு. கத்தரியால் வெட்டுவார்கள். வெட்டிய கொழுந்து கத்தரியோடு சேர்ந்த பெட்டியில் விழும், நிறைந்ததும் சாக்கில் கொட்டுவார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, காலில் ரப்பர் பூட்ஸ். உங்கள் படத்தில் அந்த அம்மா ஜரிகைக் கரை வைத்த சேலையில், வெறுங்காலோடு நிற்கிறார். மழைக்காலத்தில் அட்டை ஊரும் காட்டுக்குள் வெறுங்காலோடு யார் இறங்குவார்கள்? இதற்குக் கீழே "மூணாறு, 2024" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

சுற்றும் லென்ஸ்:
கூடை அவர் வீட்டுப் பரணில் இருந்தது தங்கச்சி. கேட்டேன், தூசி தட்டி எடுத்து வந்தார். சேலையை அவராகத்தான் மாற்றிக்கொண்டு வந்தார். சிரித்துக்கொண்டே நின்றார், கையில் இருநூறு ரூபாய் கொடுத்தேன். மறைந்துபோன வேலை முறையை, அதைச் செய்தவரை வைத்தே எடுத்திருக்கிறேன். இதில் என்ன குற்றம்?

கம்பம் ஜீப்காரன்:
அப்போ "முன்னெல்லாம் இப்படி எடுத்தோம் என்று செய்து காட்டுகிறார்" என்று எழுத வேண்டியதுதானே? எழுதினால் லைக் குறையும்.

பழைய நெகட்டிவ்:
பாலக்காட்டில் பத்திரிகைப் படக்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிற்க வைத்து எடுத்ததைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். லூயிஸ் ஹைன் என்ற அமெரிக்கர், 1908 முதல் அங்குள்ள தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலை ஆலையாகப் போய்ப் படமெடுத்தார். பெரிய கேமரா, வெளிச்சத்துக்குப் பற்றவைக்கும் மருந்துப் பொடி. அதனால் அவர் படங்களில் பல, பிள்ளைகள் வேலையை நிறுத்திவிட்டு லென்ஸைப் பார்த்து நிற்பவைதான். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், வயது, எத்தனை மணி நேர வேலை என்று குறித்து வைத்தார். தன் சட்டைப் பொத்தான்களின் உயரத்தை முன்பே அளந்து வைத்துக்கொண்டு, பிள்ளை எந்தப் பொத்தான் வரைக்கும் வருகிறது என்று பார்த்து உயரத்தையும் கணக்கிட்டார். அந்தக் குறிப்போடு சேர்ந்ததால்தான் படம் சாட்சியாக நின்றது. தம்பி, உங்கள் படத்துக்கு அப்படி ஒரு வரி கிடையாது. அந்த அம்மா இன்னும் வேலையில் இருக்கிறாரா, ஓய்வு பெற்றுவிட்டாரா என்பதுகூடத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் தம்பி பக்கம். "கேட்டு எடு, கேட்டு எடு" என்கிறார்களே, யாரிடம் கேட்பது? ஹைன் பைபிள் விற்பவர் போலவும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் போலவும் வேஷம் போட்டு ஆலைக்குள் நுழைந்தவர். முதலாளியிடம் கேட்டிருந்தால் ஒரு படம் கிடைத்திருக்காது. நம் எஸ்டேட்களிலும் கேமராவைத் தூக்கினால் "மேனேஜரிடம் பெர்மிஷன் வாங்கினீர்களா" என்றுதான் முதலில் கேட்பார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒழுகுகிற கூரையை எடுக்க எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்?

லயத்துப் பொண்ணு:
இதை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. படத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும், இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அல்ல. 2015 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளிப் பெண்களின் பொம்பிளை ஒருமை போராட்டம் நடந்ததே. இருபது சதவீத போனஸ் வேண்டும், 232 ரூபாய்க் கூலியை 500 ஆக்க வேண்டும் என்று பெண்கள் ஒன்பது நாள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் அண்ட விடவில்லை. எத்தனையோ கேமராக்கள் வந்தன, எங்கள் ஆட்கள் யாரும் முகத்தை மூடவில்லை. அதில் ஒரு படம் எங்கள் வீட்டில் லேமினேட் செய்து மாட்டியிருக்கிறது. அம்மாவின் முகம் பாதிதான் தெரியும், மீதியை ஒரு போலீஸ்காரரின் தொப்பி மறைக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் "தொப்பிக்குப் பின்னால் நான்தான்" என்று காட்டுவார்.

குறிஞ்சிப் பித்தன்:
இரண்டாவது படத்தை யாருமே கண்டுகொள்ளவில்லையே. மறையூரில் தாவரவியல் வாத்தியார் நான், விட மனசு வரவில்லை.

இரவிகுளம் பக்கம் நீலக்குறிஞ்சி 2006, 2018 என்று பூத்தது, அடுத்து 2030. 2018இல் வெள்ளம் வந்து பார்க்க வந்த கூட்டம் கரைந்துபோனது வேறு கதை. கள்ளிப்பாறையில் மட்டும் 2022இல் எப்படிப் பூத்தது? மலைக்கு மலை பூக்கிற வருஷம் வேறுபடுகிறது. இந்தக் கணக்கைப் போட எங்களுக்குத் தேதியும் இடமும் உள்ள படங்கள் வேண்டும், அவற்றில் பலவும் பயணிகள் எடுத்தவைதான். அந்த வகையில் லென்ஸ் தம்பிக்கு நன்றி.

ஆனால் அதே இடப்பெயர்தான் அங்கே செடிக்கு எமனாக வந்தது. படங்கள் பரவிய சில நாளில் வண்டி நகர முடியாத நெரிசல், எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக் பாட்டில், கொத்துக் கொத்தாகப் பறித்த பூ. நீலக்குறிஞ்சி ஒரே ஒரு தடவை பூத்து, விதை போட்டுவிட்டுச் செத்துப் போகும். விதை முற்றும் முன் மிதித்துவிட்டால் அந்த இடத்தில் அடுத்த தலைமுறைக்கு வழியில்லை. 2023இல் இதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், பறித்தால் வழக்கு.

அதனால் இடத்தைக் குறித்து வையுங்கள், எல்லாருக்கும் காட்டாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை அவர்களே மங்கலாக்கித்தான் காட்டுகிறார்கள், துல்லியமான விவரம் உள்ளே பத்திரமாக இருக்கும். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதி, இட விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும். ஆய்வுக்கு அனுப்புகிறவர்கள் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

கம்பம் ஜீப்காரன்:
வாத்தியாரே, இடத்தை மறைத்தால் எங்களுக்கு யார் சவாரி வருவார்கள்? அந்த ஒரு மாசம்தான் நாங்கள் டியூ கட்டினோம்.

அதுக்காக எல்லாக் கேமராவுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 2023 மே மாசம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை எங்கள் கம்பத்துக்குள் இறங்கியது. ஒரு புளியந்தோப்பில் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்த யானையை, யூடியூப்காரர் ஒருவர் ட்ரோனைத் தலைக்கு மேல் பறக்கவிட்டு மிரட்டி ஓட விட்டார். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அதையும் "இயற்கைப் பதிவு" என்றுதான் போட்டிருப்பார்.

சுற்றும் லென்ஸ்:
ட்ரோனையும் என்னையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பெரிய கேள்விக்கு வாருங்கள். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் 2000ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்தார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளை மாத்ருபூமி படக்காரர் மதுராஜ் எடுத்த படங்கள் இல்லாவிட்டால், அந்தக் கிராமங்களை வெளியே எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? 2011இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. படம் மட்டும் அதைச் செய்யவில்லை, சரி. படத்துக்கும் அதில் பங்கு உண்டு.

லயத்துப் பொண்ணு:
மதுராஜ் அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனவர். நீங்கள் சனி ஞாயிறு வந்தீர்கள்.

பெட்டிமுடிப் படத்தையே எடுங்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மண் சரிந்து எழுபது பேர் போனார்கள், பலருக்கும் கயத்தாறுப் பக்கம்தான் பூர்வீகம். கரண்ட் இல்லை, போன் இல்லை, விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. மறுநாள் சாயங்காலம் கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில் விமானம் விழுந்ததும் கேமராக்கள் அங்கே திரும்பின. இறந்தவர் குடும்பத்துக்கு அரசு அங்கே பத்து லட்சம் அறிவித்தது, எங்களுக்கு ஐந்து லட்சம். உங்கள் படத்தில் இதில் எது இருக்கிறது? பச்சைப் புல், மேலே மேகம். தெரியாதவர்கள் பார்த்தால் டென்ட் போட நல்ல இடம் என்பார்கள். இரண்டு பேர் அப்படித்தான் கமெண்டும் போட்டிருக்கிறார்கள்.

சுற்றும் லென்ஸ்:
அப்போ அந்த இடத்தை எடுக்கவே கூடாதா?

லயத்துப் பொண்ணு:
எடுங்கள். என்ன நடந்தது என்று நாலு வரி எழுதிவிட்டுப் போடுங்கள். பக்கத்து ராஜமலைக்கு வரையாடு பார்க்க வருஷா வருஷம் அத்தனை பேர் வருகிறார்கள். சரிவுக்கு முன் அந்த லயங்கள் எப்படி இருந்தன என்று காட்டும் படம் யாரிடம் இருக்கிறது? வீட்டுப் படங்கள் எல்லாம் பீரோவோடு மண்ணுக்குள் போய்விட்டன. எனக்குச் சித்தி முறை ஆகும் ஒருவரின் முகத்துக்காக, கல்யாணப் படம் எடுத்த ஸ்டுடியோவில் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தோண்ட வேண்டியிருந்தது.

சுற்றும் லென்ஸ்:
இதைத்தானே நானும் சொல்கிறேன்! 2019இல் எவனாவது ஒரு பயணி லயத்தை எடுத்திருந்தால் இன்றைக்கு உதவியிருக்கும். எடுத்திருந்தால் அன்றைக்கு அவனையும் திட்டியிருப்பீர்கள். மூன்றாவது படத்துக்கு நாலு வரி எழுதுகிறேன், அதில் எனக்கு மறுப்பில்லை. கூடைப் படத்தில் "பழைய முறையில்" என்று சேர்ப்பேன், படத்தை நீக்க மாட்டேன். அந்த அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

லயத்துப் பொண்ணு:
பிடித்திருந்தால் பிரின்ட் போட்டு அனுப்பினீர்களா?

பழைய நெகட்டிவ்:
சண்டை நடக்கட்டும், நடுவில் ஒரு வேலை. 2020க்கு முன் பெட்டிமுடி வழியாக இடமலைக்குடிப் பக்கம் போனவர்கள் யாராவது இருந்தால் பழைய போனைத் தேடுங்கள். உங்கள் செல்ஃபிக்குப் பின்னால் லயம் கலங்கலாகத் தெரிந்தாலும் போதும். வாத்தியார் சொன்ன மாதிரி டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். யாருக்குக் காட்டுவது என்பதை அந்தக் குடும்பங்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கம்பம் ஜீப்காரன்:
என்னிடம் ஒன்று இருக்கிறது. சவாரி வந்தவர்கள் என்னையும் வண்டியையும் சேர்த்து எடுத்து அனுப்பியது. பானெட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு, கூரை மேல் நீலத் தார்ப்பாய், கொடியில் யூனிஃபார்ம் காய்கிறது. இன்று ராத்திரி அனுப்புகிறேன். என் மூஞ்சிக்குக் கீழே மட்டும் யாரும் "மலையின் மைந்தன்" என்று எழுதிவிடாதீர்கள். நான் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருக்கிறேன்.