'ஆக்லூசிவ்' – மூடாக்கி எனலாமா?

வணக்கம்.

மாய்ஸ்சரைசரில் சேரும் எல்லாவற்றையும் 'ஈரமூட்டி' என்றே எழுதி வருகிறோம். கிளிசரினும் ஈரமூட்டி, வாசலினும் ஈரமூட்டி. வீட்டில் லோஷன் செய்கிறவர் இதை நம்பி ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் காரியம் கெட்டுவிடும். கிளிசரின் நீரை இழுத்துப் பிடித்து வைக்கும். வாசலினில் துளி நீர் கிடையாது. தோல்மேல் படலமாகப் படர்ந்து, உள்ளிருக்கும் நீர் ஆவியாகாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

இரண்டுக்கும் வயலில் சொல் இருக்கிறது. மண்ணுக்கு ஈரப்பிடிப்பு உண்டு என்கிறோம். செடியைச் சுற்றி வைக்கோலோ சருகோ பரப்புவது மூடாக்கு. ஆகவே கிளிசரின் போன்ற ஹியூமெக்டன்டுக்கு 'ஈரப்பிடிப்பி', வாசலின் போன்ற ஆக்லூசிவுக்கு 'மூடாக்கி'. தண்ணீர் பாய்ச்சிய பிறகுதான் மூடாக்கு போடுவார்கள். வாசலினையும் குளித்துத் துவட்டிய கையோடு, தோலில் ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். சொல்லே செய்முறையையும் சொல்லித் தருகிறது. தோலை மிருதுவாக்கும் எமோலியன்டுக்குப் புழக்கத்தில் உள்ள 'மென்மையூட்டி' போதும்.

வறண்ட தோலுக்கான 100 கிராம் லோஷனில் பொருத்திப் பார்க்கிறேன்: நீர் 66, ஈரப்பிடிப்பியாகக் கிளிசரின் 5, மென்மையூட்டியாகப் பாதாம் எண்ணெய் 14, மூடாக்கியாக ஷியா வெண்ணெய் 8, எண்ணெயையும் நீரையும் சேர்த்து வைக்கப் பால்மமாக்கும் மெழுகு 6, லோஷன் கெடாமலிருக்கப் பினாக்சியெத்தனால் சேர்ந்த பதனப்பொருள் 1. எண்ணெய்ப்பசைத் தோலுக்கு மூடாக்கியே வேண்டாம்: நீர் 85, கிளிசரின் 3, திராட்சை விதை எண்ணெய் 7, பால்மமாக்கும் மெழுகு 4, பதனப்பொருள் 1. கிளிசரின் 10 கிராமைத் தாண்டினால் பிசுபிசுக்கும்.

---

வணக்கம் ஐயா. மூடாக்கி அருமை. ஈரப்பிடிப்பியில்தான் தயக்கம். மாத்திரைப் புட்டிக்குள் கிடக்கும் சிலிக்கா பையும் ஈரத்தைப் பிடிக்கிறதே, அதையும் இதே பெயரால் அழைப்பதா?

இன்னொன்று, 'பால்மமாக்கும் மெழுகு' என்று முழுதாக எழுதியது நல்லது. வெறும் 'மெழுகு' என்று போட்டால் தேன்மெழுகை வாங்கி வந்துவிடுவார்கள். தேன்மெழுகு தனியாக எண்ணெயையும் நீரையும் சேர்த்து வைக்காது; ஆறியதும் அடியில் நீர் தேங்கி, மேலே கட்டி மிதக்கும்.

---

சிலிக்கா பை சுற்றுப்புறத்தை உலர்த்துவதற்காக வைப்பது. அதற்கு 'ஈரமுறிஞ்சி' இருக்கிறது. ஈரம் போகக் கூடாது என்று சேர்ப்பதே ஈரப்பிடிப்பி. நோக்கத்தை வைத்துப் பிரித்தால் குழப்பம் வராது. ஆனாலும் ஈரப்பிடிப்பியை மட்டும் நம்பக் கூடாது. வறண்ட காற்றில் கிளிசரினைத் தனியாகப் பூசினால் தோலின் அடியடுக்கிலிருந்தே நீரை இழுக்கும். வறண்ட தோலுக்கு மேலே மூடாக்கி வேண்டும் என்பது அதனால்தான்.

தேன்மெழுகு பற்றிச் சொன்னது மிகச் சரி. மெழுகு சரியாக இருந்தும் லோஷன் திரிவதுண்டு. பெரும்பாலும் சூட்டு வேறுபாடுதான் காரணம். நீரும் கிளிசரினும் ஒரு பாத்திரம், எண்ணெய், ஷியா, மெழுகு இன்னொன்று. இரண்டையும் 70 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவந்த பிறகே கலக்க வேண்டும். நீர் ஆறியிருந்தால் மெழுகு பட்டவுடனே உறைந்து வெள்ளைக் குருணையாக நிற்கும். எவ்வளவு கடைந்தாலும் கரையாது. மறுபடி சூடாக்கத்தான் வேண்டும். கலந்தபின் ஆறும்வரை விட்டுவிட்டுக் கடைந்து, 40 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பதனப்பொருளைச் சேர்க்கலாம். அதற்குப் பதில் வைட்டமின் ஈ போடுகிறார்கள். அது எண்ணெய் சிக்கடிக்காமல் காக்கும், பூஞ்சையைத் தடுக்காது. அதற்கும் 'பதனப்பொருள்' என்று எழுதுவதை நாம் முதலில் நிறுத்த வேண்டும்.