டபுள்வைட் வீட்டைச் சொந்த நிலத்துக்கு மாற்ற வேண்டும், டேட்டா பிளேட்டைக் காணோம்

கடலோரத்தான்:
வணக்கம். டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம், வீடு நிறுத்த இடம் வாடகைக்குத் தரும் ஒரு பார்க்கில் எங்கள் டபுள்வைட் (ஃபேக்டரியில் இரண்டு பாகமாகக் கட்டி இழுத்து வரும் வீடு) நிற்கிறது. 2004-இல் கட்டியது, கடன் இல்லை. இட வாடகை ஏறிக்கொண்டே போவதால் மாட்டகோர்டா கவுண்டியில் 2 ஏக்கர் வாங்கிவிட்டோம். வீட்டை இழுத்துப் போகிறவர் வந்து அடிச்சட்டத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் டேட்டா பிளேட்டை, அதாவது வீட்டின் கட்டுமான விவரங்களோடு உள்ளே ஒட்டியிருக்கும் தாளை, காட்டாமல் விலை சொல்ல முடியாதாம். அது கிச்சன் அலமாரியில் ஒட்டியிருக்கலாம் என்றார், முன்பு இருந்தவர்கள் அந்த அலமாரிகளை மாற்றிவிட்டார்கள். அங்கே ஒன்றும் இல்லை. வெளிச்சுவரில் சிவப்புத் தகடு இரண்டு இருக்கிறதே, அது போதாதா?

பழைய இன்ஸ்டாலர்:
போதாது தம்பி. சிவப்புத் தகடு, ஹட் (அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறை) விதிப்படி கட்டிய வீடு என்பதற்கு அடையாளம். பாகத்துக்கு ஒன்று இருக்கும். எந்தக் காற்று மண்டலத்துக்கு, அதாவது எவ்வளவு பலமான காற்றைத் தாங்கும்படி, கட்டியது என்பது டேட்டா பிளேட்டில்தான் இருக்கும். உங்கள் விஷயமே அதில்தான் நிற்கிறது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி மண்டலம் 1. மாட்டகோர்டா, கடலோரமாகையால் மண்டலம் 2. 1997 செப்டம்பர் 1 முதல் கட்டிய வீடு மண்டலம் 2 தரத்தில் இல்லையென்றால் அங்கே நிறுவ டெக்சாஸ் சட்டம் விடாது. அதற்கு முந்தைய வீடு என்றால் இந்தத் தடை இல்லை. உங்களுடையது 2004. அவர் கேட்டது சரிதான்.

கடலோரத்தான்:
ஐயோ. மண்டலம் 1 என்று வந்தால், கூடுதலாக நாலு ஆங்கர் அடித்துச் சமாளிக்க முடியாதா?

பழைய இன்ஸ்டாலர்:
முடியாது. ஆங்கர் வீட்டைத் தரையோடு பிடிக்கும், அவ்வளவுதான். கூரை சுவரோடும் சுவர் தளத்தோடும் எப்படிப் பிணைந்திருக்கிறது என்பது ஃபேக்டரியிலேயே முடிந்துபோன வேலை. 1992-இல் ஆண்ட்ரூ புயல் அடித்த பிறகுதான் ஹட் இந்தக் காற்று விதிகளை இறுக்கியது.
முதலில் பெரிய படுக்கையறை அலமாரியின் உள்சுவரையும் மின்சாரப் பெட்டிப் பக்கத்தையும் பாருங்கள். வெறும் தாள்தான், மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். கிடைக்கவே இல்லையென்றால், சிவப்புத் தகட்டு எண்களைக் கொடுத்து, இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் ஐபிடிஎஸ் நிறுவனத்திடம் அதற்கு ஈடான சான்றிதழ் கேட்கலாம். பணம் கட்ட வேண்டும்.

செப்டிக் அக்கா:
காகிதத்தைத் தேடும்போதே நிலத்தையும் கவனியுங்கள். அந்தப் பக்கம் பல இடங்களில் களிமண். கழிவுநீரை மண்ணில் இறக்கும் சாதாரண செப்டிக் வயலுக்கு மண் தண்ணீரை உறிஞ்சாது, ஏரோபிக் சிஸ்டம்தான் (காற்றைச் செலுத்திக் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் அமைப்பு) என்று சொல்லிவிடுவார்கள். அதற்குச் செலவும் கூட, பராமரிப்பும் கூட. மண்ணைப் பார்த்து கவுண்டி பெர்மிட் தரும்வரை பார்க்கில் காலி செய்கிறோம் என்று நோட்டீஸ் கொடுக்காதீர்கள். வெள்ள வரைபடத்தில் நிலம் சிக்கியிருந்தால் வீட்டை உயர்த்தி வைக்கச் சொல்வார்கள். இழுத்துப் போகும் கூலியைவிட அது பயமுறுத்தும்! ஊர் எல்லைக்கு வெளியே கவுண்டிகளுக்குப் பெரும்பாலும் ஜோனிங் அதிகாரம் (எங்கே என்ன கட்டலாம் என்று கட்டுப்படுத்துவது) கிடையாது, ஆனால் சில மனைப் பத்திரங்களில் மொபைல் ஹோம் கூடாது என்றே எழுதியிருக்கும். வாங்கும்போது படித்தீர்களா?

கடலோரத்தான்:
பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லை, வக்கீல் பார்த்துவிட்டார். அப்புறம், தாள் கிடைத்துவிட்டது! படுக்கையறை அலமாரியில் துணிக்கம்பிக்குப் பின்னால், ஓரம் கிழிந்து. மண்டலம் 2 என்று தெளிவாக இருக்கிறது. கவுண்டி ஆபீஸில் செப்டிக் படிவமும் வாங்கியாயிற்று. வேறென்ன?

பழைய இன்ஸ்டாலர்:
நல்லது. தாளை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிய்க்காதீர்கள். வீட்டு வரி பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். சாலையில் இழுத்துப் போவதற்கான டிஎம்வி (மாநில வாகனத் துறை) பெர்மிட்டை இழுப்பவர் எடுப்பார். இரண்டு பாகமாகப் பிரித்ததும் திறந்த பக்கத்தைப் பிளாஸ்டிக் போட்டு மரச்சட்டம் அடித்து மூடுவது அவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வழியில் ஒரு மழை போதும், தரை ஊறிப்போகும். வீடு உட்கார்ந்த பிறகு ஓனர்ஷிப் ஸ்டேட்மென்ட்டில் (வீடு யாருடையது என்று காட்டும் மாநிலப் பதிவு) புது முகவரியை மாற்ற வேண்டும். நிலத்தோடு சேர்த்து அசையாச் சொத்தாகப் பதிவதா என்பதையும் அந்த விண்ணப்பத்திலேயே கேட்பார்கள்.